கற்களைக் கணக்கிடும் வரலாறு

நம் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிகள் வெளியிடும் பொன்விழா, நூற்றாண்டு விழா மலர்களைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். எந்த ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது, எந்த ஆயர் மந்திரித்தார், எந்த அன்னையின் காலத்தில் மாடி எழும்பியது என்பன வரிசையாக இருக்கும். எந்தத் தெருவின் பிள்ளைகள் உள்ளே நுழைந்தார்கள், எந்தத் தெருவினர் வாயிலோடு நின்றார்கள் என்ற செய்தி மட்டும் இராது. கட்டடங்களின் வரலாற்றையே பள்ளியின் வரலாறாக எழுதும் இவ்வழக்கம் நற்செய்திக்கே முரணானது என்பேன்.

காணிக்கை அன்னை சபையின் கதையை எடுத்துக்கொள்வோம். கத்தோலிக்கர் பள்ளி நடத்துவது சட்டப்படி குற்றமாயிருந்த 18ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில், கார்க் நகரில், நானோ நேகிள் என்னும் செல்வக்குடிப் பெண் ஏழைக் குழந்தைகளுக்காக மறைவாகப் பள்ளி தொடங்கினார். மண்சுவர்க் குடிசையே பள்ளிக்கூடம். வீட்டாருக்கும் செய்தி தெரியாது. ஒருநாள் ஓர் ஏழை அவருடைய சகோதரரிடம் வந்து, தன் பிள்ளையை அப்பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுமாறு மன்றாடினார். வந்தவரைப் பித்தர் என்றெண்ணிச் சகோதரர் நகைத்தாராம். ஒரே வீட்டில் வாழ்ந்தவர் அறியாத பள்ளியின் முகவரியை அந்த ஏழை அறிந்திருந்தார்! ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கு இதைவிடப் பெருமை வேறென்ன?

நேகிள் 1775இல் நிறுவிய சபையின் கன்னியர் 1842இல் சென்னைக்கு வந்து, இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதியில் கல்விப்பணி தொடங்கினர். அவர்களது சர்ச் பார்க் பள்ளி 1909இல் உருவாயிற்று. தமிழகமே அறிந்த பெயர் அது. ஆயினும் இவ்வரலாற்றின் வேர் அந்த மண்குடிசையே.

"அப்படியாயின் குடிசையிலேயே பள்ளி நடத்தலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக்கூரை தீப்பற்றி 94 பிஞ்சுகள் கருகியதை மறந்தவர் எவர்? உறுதியான கட்டடம் ஆடம்பரமன்று, கடமை. ஆனால் அவ்வுறுதி முதலில் யாருடைய தலைக்கு மேல் அமைய வேண்டும் என்பதே என் வினா.

அரசு உதவிபெறும் தமிழ்வழிப் பிரிவில் ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது. கட்டடச் செலவோ பெரும்பாலும் நிர்வாகத்தின் பொறுப்பு. அங்கே கல்விக் கட்டணமும் வாங்க இயலாது. சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவிலோ கட்டணம் உண்டு. ஆகவே பணம் வரும் திசையில் மாடிகள் எழுகின்றன. வராத திசையில் ஓடுகள் ஒழுகுகின்றன. ஒரே வளாகத்துக்குள் இரு உலகங்கள். செல்லூரில் கூலிக்குத் தறி நெய்பவரின் மகள் எந்த உலகத்தில் அமர்வாள் என்று சொல்லவும் வேண்டுமோ?

இதில் கன்னியரை மட்டும் குறைகூறுவது நேர்மையன்று. ஆங்கிலவழிப் பிரிவில் இடம் கேட்டுப் பங்குத்தந்தையிடம் பரிந்துரைக் கடிதத்துக்கு நிற்பவர் யார்? தம் பெயர் பொறித்த வளைவுக்கு நன்கொடை தந்து, ஒழுகும் ஓட்டை மாற்றக் கேட்டால் நழுவுபவர் யார்? பொதுநிலையினராகிய நாமும் இவ்வழக்கில் எதிரிகளே.

கிறிஸ்தவக் கல்வி பற்றி 1965இல் அறிக்கை வெளியிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கம், உலகச் செல்வம் அற்றோர், குடும்பத்தின் ஆதரவை இழந்தோர், விசுவாசக் கொடையைப் பெறாதோர் ஆகியோர்மேல் நம் பள்ளிகள் தனி அக்கறை கொள்ள வேண்டுமென்று கேட்டது. சிறுபான்மையினருக்கு அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு வழங்கும் உரிமைக்காக உரத்துக் குரல் கொடுக்கும் நாம், இக்கடமையைப் பற்றி மெல்லப் பேசுவது ஏன்?

மாற்கு நற்செய்தியில் இரு காட்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை இயேசு சீடர்களுக்குச் சுட்டிக் காட்டுகிறார். கோவிலை விட்டு வெளியே வந்ததும் சீடர் ஒருவர் அவருக்குச் சுட்டிக் காட்டுவதோ கோவிலின் பெருங்கற்களை! ஆண்டவர் அவற்றை வியக்கவில்லை. அவை இடிந்து விழும் என்றார்.

அடுத்த விழா மலரின் முதல் பக்கத்தில் அடிக்கல் படம் வேண்டாம். கட்டணமின்றிப் பயின்ற நெசவாளர், துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பெண்களின் எண்ணிக்கையை அங்கே அச்சிடுங்கள். அச்சிடக் கூசுமளவுக்கு அது சிறிதாயின், புதிய மாடிக்கான வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டுச் சேர்க்கைப் பதிவேட்டைத் திறப்போம்.