கடைசித் திகதி யாருக்காக?

அரசாங்க உதவித் திட்டம் எதுவாயினும் அதன் அறிவித்தலில் ஒரு கடைசித் திகதி இருக்கும். அது வெறும் நிர்வாக விடயம் என்றே எண்ணிவிடுகிறோம். ஆனால் திட்டத்தின் பயன் யாரைச் சென்றடையும் என்பதைப் பல வேளைகளில் அத்திகதியே தீர்மானிக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் சுகாதாரக் காப்புறுதி இதற்கு நல்ல சான்றாகும்.

அங்கு 2010இல், ஜனாதிபதி ஒபாமாவின் காலத்தில் நிறைவேறிய சட்டம், வேலைத்தலத்தின் மூலம் காப்புறுதி கிடைக்காதோர் அரச மானியத்துடன் அதனைப் பெற வழிசெய்தது. ஆனால் ஆண்டின் குறித்த காலத்தில் மட்டுமே பதியலாம். இதற்கு நியாயம் உண்டு. நோய் வந்தபின் சேரலாம் என்றால் சுகதேகிகள் முன்கூட்டிப் பணம் கட்டமாட்டார்கள்; நோயாளர் மட்டுமே எஞ்சும் நிதியம் நிலைக்காது. நமது கிராமங்களில் மரண உதவிச் சங்கம் நடத்துவோருக்கு இது புதிய செய்தியல்ல.

எனவே கடைசித் திகதியே வேண்டாம் என்று நாம் வாதிடவில்லை. கதவு எவ்வளவு காலம் திறந்திருக்கிறது, வாசலில் உதவ யார் நிற்கிறார்கள் என்பதே எமது கேள்வி.

2017இல் டிரம்ப் நிர்வாகம் மூன்று மாதப் பதிவுக் காலத்தை ஆறு வாரங்களாகக் குறைத்தது. விளம்பரச் செலவு 10 கோடி டொலரிலிருந்து 1 கோடியாக வெட்டப்பட்டது. படிவம் நிரப்ப உதவுவோருக்கான நிதியும் குறைக்கப்பட்டது. சட்டம் மாறவில்லை, வாசல் மட்டும் ஒடுங்கியது. பின்னர் பெருந்தொற்றின்போது, 2021 பெப்ரவரி 15 முதல் ஆகஸ்ட் 15 வரை பதிவு மீண்டும் திறக்கப்பட்டது. 28 இலட்சம் பேர் புதிதாகச் சேர்ந்தனர். அவ்வாண்டு மானியமும் கூட்டப்பட்டது உண்மையே. எனினும் கதவு மூடியிருந்தால் அந்த மானியம் அவர்களை எட்டியிருக்குமா?

முதியோருக்கான மெடிகெயார் திட்டத்தில் 65 வயதையொட்டி ஏழு மாத அவகாசம் உண்டு. வேறு தகுந்த காப்புறுதி இல்லாமல் அதனைத் தவறவிட்டவர், தாமதித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மருத்துவர் செலவுக்கான கட்டணத்தில் 10 சதவீதம் கூடுதலாக, பெரும்பாலும் ஆயுள் முழுவதும் கட்டவேண்டும். மாறாக, வறியோருக்கான மெடிகெயிட் திட்டத்தில் எந்நாளும் பதியலாம். ஆகவே திகதி என்பது இயற்கை நியதியல்ல. மனிதர் எடுக்கும் தீர்மானமே.

எமது நாட்டில் அரச வைத்தியசாலைக்குச் செல்லக் காப்புறுதி அட்டை தேவையில்லை. இது பேணப்படவேண்டிய பெரும் பேறு. ஆயினும் கடைசித் திகதியின் வலியை நாமும் அறிவோம். 2023இல் அஸ்வெசும பெயர்ப் பட்டியல் வெளியானபோது, மேன்முறையீட்டுக்குக் கிடைத்தவை சில வாரங்களே. நாட்கூலிக்குச் செல்பவர் படிவத்துக்காக ஒருநாள் அலைந்தால் அன்றைய சம்பளம் இல்லை. தகவல் அவரிடம் கடைசியாகத்தான் வந்து சேர்கிறது. தவணையோ எல்லோருக்கும் ஒரே நாளில் முடிகிறது.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்போம். அறிவித்தல் மக்களின் மொழியில், போதிய காலத்துக்கு முன்னரே கிராமத்துக்கு வரவேண்டும். படிவம் நிரப்ப உதவுபவர் கிராமத்திலேயே இருக்கவேண்டும். பிள்ளைப்பேறு, தொழிலிழப்பு போன்றவை நேர்ந்தால் அமெரிக்கச் சட்டம் 60 நாள் விசேட அவகாசம் தருகிறது. அத்தகைய வாசல் இங்கும் வேண்டும்.

இவை வரும்வரை கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் கைகட்டி நிற்கலாகாது. அடுத்த அறிவித்தல் வரும்போது, படிக்கத் தெரிந்த ஒருவர் அயலிலுள்ள ஐந்து வீடுகளின் கதவைத் தட்டட்டும்.