தியாகமா, சம்பளப் பாக்கியா?

பெண் ஒருத்தி சம்பளமில்லாமல் உழைத்தால் அதற்குத் 'தியாகம்' என்று பெயர் சூட்டி மாலை போட்டுவிடுகிறோம். ஜெர்மானியக் கணித மேதை எம்மி நோதர் அம்மையாருக்கும் இந்த மாலைதான் விழுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

1907-ல் டாக்டர் பட்டம் பெற்ற அவர், எர்லாங்கன் சர்வகலாசாலையில் 7 வருஷம் காலணா வாங்காமல் வேலை பார்த்தார். 1915-ல் கணித மேதை ஹில்பர்ட் அவரைக் கோட்டிங்கனுக்கு அழைத்தார். பெண்ணை ஆசிரியராக ஏற்க அங்கே சில பேராசிரியர்கள் சம்மதிக்கவில்லை. ஆகவே 4 வருஷம், அறிவிப்பில் ஹில்பர்ட்டின் பெயர். பாடம் சொன்னவர் நோதர்! இயற்கை விதி நேற்றும் இன்றும் ஒன்றாயிருப்பதிலிருந்தே, சக்தி அழிவதில்லை என்ற உண்மை பிறக்கிறது என்பதை 1918-ல் அவர் நிறுவிய தேற்றம் காட்டுகிறது. இன்றும் அது பௌதிகத்தின் அஸ்திவாரங்களில் ஒன்று. 1923-ல்தான் கோட்டிங்கனில் சொற்ப ஊதியம் கிடைத்தது. 1933-ல், யூதர் என்பதால், நாஜிகள் அந்த வேலையையும் பிடுங்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் பிரின் மார் பெண்கள் கல்லூரி இடம் கொடுத்தது, 1935-ல் காலமானார்.

"பணத்தை அவர் பெரிதாக நினைக்கவில்லையே!" என்பீர்கள். இருக்கட்டும். கொடுத்தவர் கேட்கவில்லை என்பதற்காகக் கடன் தீர்ந்துவிடுமா? தியாகம் என்பது கொடுத்தவர் சொல்ல வேண்டிய வார்த்தை. வாங்கிக்கொண்டவர்கள் சொன்னால் அதற்குப் பெயர் ஏய்ப்பு.