சொல்லும் செயலும்: கேரன் ஹியூஸின் பயணம்



2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், முஸ்லிம் நாடுகளில் தங்கள் மீது ஏன் இத்தனை வெறுப்பு என்று அமெரிக்கர் பலர் கேட்டனர். தங்கள் செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதே ஆட்சியாளர் பலரின் விடையாக இருந்தது. முதலில் விளம்பரத் துறையிலிருந்து சார்லட் பியர்ஸ் அழைக்கப்பட்டார். அமெரிக்க முஸ்லிம்களின் நல்வாழ்வைக் காட்டும் படங்கள் 2002 ரமழானில் சில நாடுகளின் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பாயின. எவர் மனமும் மாறியதாகத் தெரியவில்லை.

பின்னர் அப்பொறுப்புக்கு வந்தவர் கேரன் ஹியூஸ். டெக்சாஸில் தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 1994ஆம் ஆண்டின் ஆளுநர் தேர்தல் முதல் ஜார்ஜ் புஷ்ஷின் சொற்களைச் செதுக்கியவர். வெள்ளை மாளிகையில் செல்வாக்கின் உச்சியில் இருந்தபோதே, 2002இல் குடும்பத்திற்காக ஊர் திரும்பினார். (இதை நாம் மதிக்கிறோம்.) 2005இல் மீண்டும் அழைக்கப்பட்டு, அயல்நாட்டு மக்களிடம் தம் நாட்டின் நற்பெயரை வளர்க்கும் பணியை வெளியுறவுத் துறையில் ஏற்றார்.

அவ்வாண்டு செப்டம்பரில் எகிப்து, சவூதி அரேபியா, துருக்கி ஆகிய நாடுகளுக்குச் சென்றார். ஜித்தாவில் ஒரு மகளிர் கல்லூரியில், பெண்கள் கார் ஓட்டும் உரிமையைப் பற்றிப் பேசினார். கேட்டிருந்த பெண்களோ, தாங்கள் மகிழ்ச்சியாகவே இருப்பதாகவும், அமெரிக்க ஊடகங்கள் காட்டும் பரிதாபப் பிம்பம் தங்களுடையதன்று என்றும் மறுமொழி கூறினர். அங்காராவில் பெண்ணுரிமை ஆர்வலர்கள் ஈராக் போரையே எடுத்து முன்வைத்தனர். அபூ குரைப் சிறையின் படங்கள் வெளியாகி ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அவற்றுக்கு எந்தச் சொற்பொழிவு விடையாகும்?

அவர் திறமையற்றவர் என்று நாம் கருதவில்லை. மாணவர் பரிமாற்றத்தை ஊக்குவித்தார். கேட்கவே வந்தேன் என்றார். ஆனால் கேட்டதன்படி கொள்கையை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. தூதரின் நாவும் அரசின் கையும் வெவ்வேறு திசையில் சென்றன. 2007 இறுதியில் பதவியை விட்டார்.

இதற்கிடையே, 2005 அக்டோபர் 8 அன்று பாகிஸ்தானின் வடபகுதியிலும் காஷ்மீரிலும் பூமி அதிர்ந்து பல்லாயிரவர் மாண்டனர். அமெரிக்க ஹெலிகாப்டர்கள் மலைக் கிராமங்களுக்கு உணவும் கூடாரமும் கொண்டு சென்றன. காயமுற்றோரைச் சுமந்து திரும்பின. அதன்பின் அங்கு எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகளில் அமெரிக்கா மீதான நல்லெண்ணம் உயர்ந்திருந்தது. அந்த விமானிகள் சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை.

இதைப் படித்து மேல்நாட்டாரைப் பார்த்து நகைப்பது நமக்கு எளிது. ஸூரத்துஸ் ஸஃப்பின் தொடக்கம் செய்யாததைச் சொல்வோரைக் கடிந்துகொள்ளும்போது, அங்கே விளிக்கப்படுவோர் ஈமான் கொண்டவர்களே. இஸ்லாத்தைப் பற்றிய தவறான எண்ணங்களைக் களைய நாம் துண்டுப் பிரசுரம் அச்சிடுகிறோம். பிற சமயத்து அண்டை வீட்டாரைப் பள்ளிவாசலுக்கு அழைத்து விருந்தளிக்கிறோம். நல்ல பணிதான். ஆயினும் அந்த அண்டை வீட்டார் நம் கடையில் வேலை செய்து கூலிக்கு அலைந்தவராகவும் இருக்கலாம். நம் சகோதரிக்கு வாப்பாவின் சொத்தில் பங்கு வந்ததா என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

நபி (ஸல்) அவர்களை ஏற்க மறுத்த மக்கத்துக் குறைஷிகளும் தம் பொருள்களை அவர்களிடமே அமானிதமாக வைத்திருந்தனர். கொல்லத் திட்டமிட்டு வீட்டைச் சூழ்ந்த இரவிலும் அந்தப் பொருள்கள் அங்கேதான் இருந்தன. ஹிஜ்ரத் புறப்படுகையில், அவற்றை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு வருமாறு அலீ (ரலி) அவர்களை நபியவர்கள் மக்காவிலேயே விட்டுச் சென்றார்கள்.