சொத்தைப் பல்லில் தொடங்கி மூச்சில் முடியும் நோய்: கல்வராயன் மலை மக்களுக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது?

பல்வலியால் யாரும் சாவதில்லை என்பது நம் ஊர்களில் உறுதிப்பட்டுவிட்ட நம்பிக்கை. மருத்துவம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. கீழ்த்தாடையின் கடைவாய்ப் பற்களில் தேங்கும் சீழ், அவற்றின் வேர்நுனி வழியாக நாக்கின் அடித்தளத்துக்கும் கழுத்துக்கும் பரவக்கூடும். 1836இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்ததால் இதை ‘லுட்விக் ஆஞ்சைனா’ என்கிறார்கள். தாடையின் கீழ்ப்பகுதி மரக்கட்டைபோல் இறுகும், நாக்கு மேலெழும்பும், எச்சிலை விழுங்க இயலாது, குரல் மாறும், படுத்தால் மூச்சுத் திணறும். இந்நிலையை எட்டிய பின் எஞ்சியிருப்பது சில மணி நேரமே. நுண்ணுயிர்க்கொல்லிகள் வருவதற்கு முன் இந்நோய்க்கு ஆளானோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இன்று உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைவோரில் பெரும்பாலானோர் பிழைக்கின்றனர்.

‘உரிய நேரத்தில்’ என்ற அந்தச் சொற்றொடரில்தான் சாதியும் நிலவியலும் ஒளிந்திருக்கின்றன.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. இந்தியா விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே அரசு நிர்வாகம் அங்கு முழுமையாக ஏறியது. மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் பலவற்றிலிருந்து முதன்மைச் சாலையை அடைவதே ஒரு பயணம். வீங்கிய கழுத்தோடு ஒருவர் மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தாலும் சிகிச்சை அங்கேயே முடியும் என்பதற்கு உறுதியில்லை. மூச்சுப்பாதையைக் காக்கக் கழுத்தில் துளையிட நேரலாம். அதற்கு மயக்கவியல் மருத்துவரும், காது மூக்கு தொண்டை அல்லது முகத்தாடை அறுவை மருத்துவரும் நள்ளிரவிலும் பணியில் இருக்க வேண்டும். கள்ளக்குறிச்சிக்கு 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் 2024 சூனில் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளின்போது பாதிக்கப்பட்டோர் சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி சிப்மருக்கும் அனுப்பப்பட்டதை நாம் கண்டோம். 60க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த, தலித் மக்கள் பெருமளவில் பாதிக்கப்பட்ட அந்நிகழ்வுக்குப் பிறகே, சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்து வழக்கெடுத்தது. சாராயம் காய்ச்சும் மலை என்று மட்டுமே அறியப்பட்ட ஓரிடத்தின் மருத்துவத் தேவையைப் பேச இத்தனை பிணங்கள் தேவைப்பட்டன.

மலையேறுவதற்கு முன்பே தாமதம் தொடங்கிவிடுகிறது. தாடை வீங்கினால் ‘பொன்னுக்குவீங்கி’ என்று எண்ணித் தங்கச் சங்கிலி அணிவிப்பதும் பற்றுப் போடுவதும் இன்றும் உண்டு. இதை அறியாமை என்று இகழ்வது எளிது. ஒருநாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் கொடுத்து, பல் மருத்துவரைப் பார்க்க வேண்டியவருக்கு மருந்துக்கடை வலிமாத்திரையே அறிவார்ந்த தேர்வாகிறது. அந்த மாத்திரை வலியை அடக்கும், சீழை அடக்காது. சர்க்கரை நோய் இருந்தால் தொற்று இன்னும் விரைந்து பரவும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடுதோறும் சர்க்கரை நோய்க்கான மாத்திரையைக் கொண்டுசேர்க்கிறது. அதே கையோடு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க எவ்வளவு செலவாகும்?

மலிவான பல் சிகிச்சைக்கு வேறொரு முகமும் உண்டு. 2023இல் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றோரிடம் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று பரவி 8 பேர் இறந்தனர். உப்புநீர்க் குப்பியைத் தூய்மைசெய்யாத கருவியால் திறந்து, மீண்டும் பயன்படுத்தியதோடு ஆய்வாளர்கள் அதைத் தொடர்புபடுத்தினர். பொதுமக்களுக்கு இச்செய்தி 2025இல்தான் எட்டியது. இறந்தவர்களின் குடும்பங்களைத் தவிர யாருக்கும் இந்த இரண்டாண்டு மௌனம் உறுத்தவில்லை என்பதே நமக்கு அச்சமூட்டுகிறது.

அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை தராமல் திருப்பியனுப்புவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவை மீறுவதாகும் என்று மேற்கு வங்கத் தொழிலாளி ஒருவரின் வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணமில்லை என்று அரசு தப்ப முடியாது என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. எனவே இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. வெள்ளிமலை, கரியாலூர் பகுதிகளில் பல் மருத்துவர் எந்தெந்த நாட்களில் அமர்கிறார், கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவில் மூச்சுப்பாதை அறுவை செய்ய யார் இருக்கிறார், கழுத்துச் சீழ்க்கட்டியோடு வந்தவர்களில் எத்தனை பேர் வெளியூருக்கு அனுப்பப்பட்டனர், அவர்களில் எத்தனை பேர் உயிரோடு திரும்பினர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர்கள் இன்றே கேட்கலாம். இறப்புச் சான்றில் ‘மூச்சுத்திணறல்’ என்று மட்டும் எழுதப்பட்டால், அதற்கு முன் ஒரு சொத்தைப் பல் இருந்ததா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.