நிற்கத் தெரியாத வேகம் எதற்கு?

"சார், அண்ணன் ஹைலக்ஸின் 2.5 லிட்டர் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு 3.0 லிட்டர் போடப் போகிறார். இனி பறக்கும்!" என்றான் என் மாணவன். "பிரேக்கையும் மாற்றுகிறாரா?" என்று கேட்டேன். பதில் இல்லை.

மாணவர்களே, இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். சுமையோடு 2,000 கிலோ எடையுள்ள பிக்கப் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும்போது ஏறத்தாழ 494 கிலோஜூல் சக்தி கொண்டிருக்கும். 110 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 934 கிலோஜூல். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. சக்தியோ கிட்டத்தட்ட இரு மடங்கு. வண்டியை நிறுத்தும்போது அதில் பெரும்பகுதியைப் பிரேக்தான் வெப்பமாக மாற்ற வேண்டும். அளவுக்கு மீறிச் சூடானால் பிரேக்கின் பிடி தளரும்.

இன்னொன்று: சரக்கு இல்லாத பிக்கப்பின் பின்பக்கம் இலேசானது. மழையில் நனைந்த சாலையில் கூடுதல் முறுக்குவிசை பின்சக்கரங்களை எளிதில் வழுக்கிவிடும்.

வண்டியை மேம்படுத்தும் ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. அது நல்ல பொறியியல் பாடம். ஆனால் பிரேக், டயர், சஸ்பென்ஷன் முதலில், குதிரைத்திறன் பிறகு. ஜேபிஜே அனுமதியும் புஸ்பாகோம் சோதனையும் வெறும் தாள் வேலை அல்ல. இந்தக் கணக்கை யாராவது சரிபார்க்க வேண்டும் அல்லவா?