உப்பு சர்க்கரைக் கரைசல் இரண்டாந்தர மருந்து அல்ல

வயிற்றுப்போக்கோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் தாய்மார் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "டாக்டரம்மா, ஒரு ட்ரிப்ஸ் போட்டு விடுங்க." உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓஆர்எஸ்) பாக்கெட்டைக் கையில் கொடுத்தால் முகம் வாடிவிடும். கூட வந்த பாட்டி, "தண்ணி குடுத்தா இன்னும்தானம்மா போகும்?" என்பார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் பாக்கெட்டை மட்டும் நீட்டினால் யார் நம்புவார்கள்?

அந்தப் பதில் சைக்ளிக் ஏஎம்பி என்ற சின்னஞ்சிறு மூலக்கூறில் இருக்கிறது. 1950-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், கல்லீரலை அரைத்து ஆராய்ந்துகொண்டிருந்த ஏர்ல் சதர்லேண்ட் குழுவினர் கண்டுபிடித்தது இது. அட்ரினலின், குளுக்ககான் போன்ற ஹார்மோன்கள் செல்லுக்குள் நுழைவதில்லை; வெளிச்சவ்வில் வந்து ஒட்டிக்கொள்வதோடு சரி. உடனே உள்ளே ஒரு நொதி, ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து சைக்ளிக் ஏஎம்பியைத் தயாரிக்கிறது. வாசலுக்கு வந்த சேதியை உள்ளே கொண்டுசேர்ப்பது அதுதான். வேலை முடிந்ததும் இன்னொரு நொதி அதை உடைத்துவிடும். 1971-ல் சதர்லேண்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதற்கு முன்பே, 1965-ல், ஈ.கோலை பாக்டீரியாவிலும் இதே மூலக்கூறு இருப்பதை அவரது ஆய்வகம் காட்டியது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நாம் பட்டினி கிடந்தால் குளுக்ககான் சுரந்து, கல்லீரல் செல்லில் சைக்ளிக் ஏஎம்பி கூடி, சேமிப்பிலுள்ள கிளைக்கோஜன் சர்க்கரையாக மாறுகிறது. ஈ.கோலைக்கு குளுக்கோஸ் தீர்ந்துபோனால் அதற்குள்ளும் சைக்ளிக் ஏஎம்பி கூடி, லாக்டோஸ் போன்ற வேறு சர்க்கரைகளைப் பயன்படுத்தும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. மனிதக் கல்லீரலுக்கும் குடல் கிருமிக்கும் பசியைச் சொல்ல ஒரே மூலக்கூறு!

இந்த ஏற்பாட்டைத்தான் காலராக் கிருமி நம்மீது திருப்பிவிடுகிறது. கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற நோய்க்குறியியல் மருத்துவர், முயலின் குடலில் ஒரு துண்டை இரு முனையிலும் கட்டி, கிருமியை வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீரை மட்டும் அதற்குள் செலுத்திப் பார்த்தார். கிருமியே இல்லாமல் குடல் துண்டு நீரால் உப்பியது. கிருமி வெளியிடும் நஞ்சுதான் காரணம் என்பதை 1959-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1985-ல் அவர் இறக்கும்வரை நாட்டின் பெரிய விருது எதுவும் அவருக்குத் தரப்படவில்லை. அது நமக்கு மரியாதை தரும் செய்தி அல்ல.

அந்த நஞ்சு என்ன செய்கிறது என்பது பிறகு தெளிவானது. குடல் செல்லுக்குள் புகுந்து, சைக்ளிக் ஏஎம்பி தயாரிப்பை முடுக்கிவிடும் புரதத்தை அணைக்க முடியாதபடி செய்துவிடுகிறது. காலிங் பெல் பொத்தான் அமுங்கியபடியே சிக்கிக்கொண்டால் மணி ஓயாமல் அடிக்குமே, அப்படி. குளோரைடு வெளியேறும் வழி திறந்தே கிடக்க, அதன் பின்னால் சோடியமும் தண்ணீரும் போகின்றன. கடும் காலராவில் பெரியவர் ஒருவருக்கு மணிக்கு 1 லிட்டர்கூட இப்படிப் போகலாம். ஈ.கோலையின் சில வகைகளும் இதே வேலையைச் செய்கின்றன; அவற்றின் ஒரு நஞ்சு சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டுகிறது, இன்னொன்று அதன் உறவான சைக்ளிக் ஜிஎம்பியை.

இத்தனைக்கும் குடல் செல் சாகவில்லை. குளுக்கோஸையும் சோடியத்தையும் ஜோடியாக உள்ளே இழுக்கும் புரதம் ஒன்று அதில் உண்டு. இந்தக் கலவரம் அதைத் தொடுவதே இல்லை. பாட்டியிடம் நான் சொல்வது இதைத்தான்: "தண்ணி வெளிய போற வழி வேற, உள்ள ஏறுற வழி வேற பாட்டி. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து போனாத்தான் அந்த வழி தண்ணிய இழுக்கும்." வெறும் தண்ணீரை நினைத்துச் சொன்னால் அவர் பயம் பாதி சரிதான். உலக சுகாதார நிறுவனத்தின் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு என்று அளந்து வைத்திருப்பது இதற்காகவே. 1971-ல் வங்கதேசப் போரின்போது பங்காவ் அகதிகள் முகாமில், ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலானாபிஸ் இத்தகைய கரைசலைப் பாத்திரம் பாத்திரமாகக் கொடுத்தார். அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் இறந்தவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு.

கரைசலின் உப்பு, சர்க்கரை அளவு கெட்டால் பலன் கெடும். பாக்கெட்டைக் கிழித்து ஒரு சிட்டிகை எடுத்து டம்ளரில் போட்டுக் கலக்கும் அம்மாக்களை வார்டில் பார்க்கிறேன். கடையில் விற்கும் இனிப்புப் பானத்தை அதே மருந்து என்று நம்பி வாங்கி வருபவர்களும் உண்டு. சர்க்கரை மிகுந்தால் குடல் இன்னும் நீரை இழக்கும். அத்தகைய பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக்கூடாது என 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. சரியான முடிவு, கடைக்குக் கடை அதை உறுதிசெய்ய வேண்டியது அதிகாரிகள் பொறுப்பு. பாக்கெட்டைக் கொடுக்கும்போது இரண்டு நிமிடம் ஒதுக்கி, அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லுங்கள் என்பதே சக மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் என் வேண்டுகோள்.

பிள்ளை கண் சொருகிக் கிடந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் நின்றுவிட்டாலோ ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். அங்கே ட்ரிப்ஸ்தான் உயிர் காக்கும். மற்ற பிள்ளைகளுக்கு, 1 லிட்டர் பாக்கெட் முழுவதையும் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். 24 மணி நேரம் கடந்தால் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.