மலையைத் தாண்டும் அம்புக்குறி

இராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு பற்றி நமக்கு வரும் கட்டுரைகள் பலவற்றோடு ஒரு வரைபடமும் வருகிறது. சோழக் கரையில் புறப்படும் தடித்த அம்பு கெடாவில் இறங்கும். அங்கிருந்து மெலிந்த அம்பு ஒன்று பாலிங் வழியாக மலையேறிப் பத்தானியில் போய் நிற்கும். முதல் அம்புக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இருக்கிறது. இரண்டாவதற்கு என்ன இருக்கிறது?

1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைச் சொல்லும் அக்கல்வெட்டு கலங்களைத்தான் பேசுகிறது. தரைவழி அணிவகுப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் அது தரும் வென்ற ஊர்ப் பட்டியலில் உள்ள இலங்காசோகமும் மாதமாலிங்கமும் தீபகற்பத்தின் கிழக்குப் பக்கத்தவை. ஒன்று இன்றைய பத்தானிப் பகுதி, மற்றது நக்கோன் சி தம்மராட். கடாரமோ, அதாவது கெடா, மேற்கே. நடுவில் மலை. ஆக, படை மலையைக் கடந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. கப்பல் வைத்திருந்தவன் சுற்றிப் போயிருக்கலாமே என்று யாரும் கேட்பதில்லை.

கணவாய் இருந்தது உண்மை. மூடா ஆற்றுச் சமவெளியிலிருந்து பாலிங், பெங்காலான் உலு, பெத்தோங் எனப் போய்ப் பத்தானி ஆற்றோடு இறங்கலாம். தீபகற்பத்தின் குறுக்குப் பாதைகளை 1961-இல் பால் வீட்லி விரிவாக எழுதினார். அவற்றில் பெருமளவு சரக்கு போனதா என்று 2002-இல் மிஷல் ஜாக்-எர்குவால் ஐயம் எழுப்பினார். வணிகத்துக்கே இந்த இழுபறி. பத்துச் சுமைகூலிகள் நடக்கும் காட்டுத் தடத்தில் ஆயிரம் பேருக்குச் சோறும் யானைக்குத் தீனியும் எப்படிப் போகும்?

1821 இதற்கு நல்ல பாடம். லிகோர் (நக்கோன் சி தம்மராட்) அரசரின் பிடி கிழக்குக் கரையில். ஆனால் கெடாவைத் தாக்கிய அவர் படை மேற்கே திராங் பக்கமிருந்து கடல்வழியாகக் கோலக் கெடாவுக்குள் நுழைந்தது. கெடா சுல்தான் பினாங்கில் தஞ்சம் புகுந்தார். 1838-இல் கெடாவை மீட்ட மலாய்ப் படை தரைவழியே சொங்க்லாவை நோக்கிப் போனது உண்டு; அது வடக்கே உள்ள தாழ்வான வழி, பாலிங் மலை வழி இல்லை.

பாலிங்குக்கு அப்பாலுள்ள வழியில் பெரும்படை மோதியது 1941 டிசம்பரில்தான். 8-ஆம் தேதி பிரிட்டிஷ் தரப்பின் பஞ்சாப் படையணி தாய்லாந்து எல்லையைத் தாண்டியது. தாய் காவலர்கள் வழிமறித்தார்கள். மலைச்சரிவைக் குடைந்து சாலை போட்டிருந்த, 'லெட்ஜ்' எனப்பட்ட, அது பிடிக்கப் போன இடம் ஏறக்குறைய 35 மைல் தள்ளி இருந்தது. பத்தானியில் கரையிறங்கிய ஜப்பானியர் டாங்கிகளோடு முந்திக்கொண்டார்கள். 19-ஆம் தேதி பினாங்கு அவர்கள் கையில். இதைக் காட்டி, கணவாய்க்கு எப்போதும் இராணுவ மதிப்பு இருந்தது என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். ஆனால் அன்று ஓடியது வண்டிச் சாலை. அதற்கு வயது ஆயிரம் ஆண்டு கிடையாது.

கணினியில் குறைந்த முயற்சிப் பாதை போட்டு அனுப்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சரிவை மட்டும் கணக்கில் எடுக்கும் டோப்ளரின் நடைவேகச் சூத்திரம் நம் காட்டுக்குப் போதாது. இங்கே ஆளை நிறுத்துவது ஏற்றத்தைவிடச் சேறும் ஆற்று வெள்ளமும். செயற்கைக்கோள் உயரத் தரவு அடர்காட்டில் மர உச்சியைத் தரையாகக் காட்டும் கோளாறு வேறு. மூடா முகத்துவாரத்தில் கடற்கரையே அன்று வேறிடத்தில் இருந்தது.

தரைவழிக்குச் சான்று என்றால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்: கோவை சுண்டக்காமுத்தூர்ப் பாறையில் இராசகேசரிப் பெருவழி என்று பெயரே வெட்டியிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்குப் போகிறவன் வாசித்துவிட்டே நடக்கலாம். நம் பக்கம் செபராங் பிறையில் 1834-இல் ஜேம்ஸ் லோ கண்ட புத்தகுப்தன் கல்லும் ஒரு கப்பல் தலைவனைத்தான் சொல்கிறது.

ஆகவே அடுத்த இதழிலிருந்து சான்றுள்ள வழிக்கு முழுக்கோடு, நிலத்தோற்றத்திலிருந்து ஊகித்ததற்குப் புள்ளிக்கோடு. இரண்டுக்கும் வழியில்லை என்றால் கோடே வேண்டாம். புள்ளிக்கோடு போடுகிறவர்கள் எந்த மாதத்தில் நடந்து பார்த்தார்கள், தண்ணீர் எங்கெங்கே கிடைத்தது என்பதையும் எழுதி அனுப்ப வேண்டும். பெத்தோங் பக்கம் போவதற்கு இரு நாட்டு அனுமதியும் தேவைப்படும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.